மின்சாரம் கேட்காத சுக்கானி

சின்னப் பாய்மரப் படகுகளில், காற்றின் வலுவைக் கொண்டே சுக்கான் பிடிக்கும் கருவி ஒன்று உண்டு. படகின் அமரத்தில், அதாவது பின்பக்கத்தில், மெல்லிய ஒட்டுப்பலகை ஒன்று நிமிர்ந்து நிற்கும். அதற்குக் கீழே தண்ணீருக்குள் ஒரு துடுப்பு தொங்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பி, சில பற்சக்கரங்கள், கப்பிகள், கயிறு. பேட்டரி கிடையாது, மோட்டார் கிடையாது. விண்ட்வேன் என்பார்கள் படகுக்காரர்கள்; நான் காற்றுச் சுக்கான் என்று எழுதுகிறேன். இதைப் பற்றி விஷயம் தெரிந்தவர்களிடையே இன்று ஏறக்குறைய ஒரே கருத்துதான் நிலவுகிறது. ஜிபிஎஸ்ஸும் ஆட்டோபைலட்டும் வந்த பிறகு இது காலாவதியான பொருள், துல்லியமும் குறைவு. பழமையில் மயங்கிய வெள்ளைக்காரர்கள் சிலர் பந்தயத்துக்காக இதை உயிரோடு வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுக்கு இதில் ஆகப்போவது ஒன்றுமில்லை.

இந்தக் கருத்து முழுக்கத் தவறு. பழசு என்பதும் தவறு, துல்லியம் குறைவு என்பதும் தவறு, நமக்குச் சம்பந்தமில்லை என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு.

கடலே இல்லாத திருவண்ணாமலையில் இருந்துகொண்டு இதை எழுத உனக்கு என்ன வந்தது என்று கேட்பார்கள். கிழக்கே நூறு கிலோமீட்டர் போனால் புதுச்சேரிக் கடல். ஆனால் என் பதில் அது அல்ல. இந்தக் கருவி எந்தத் தத்துவத்தில் இயங்குகிறதோ, அது எங்கள் ஊர் மாட வீதிகளில் ஆண்டுதோறும் ஊரறிய நடக்கிறது. கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் பஞ்சமூர்த்திகளின் தேரோட்டம். அண்ணாமலையாரின் பெரிய தேரை ஆயிரக்கணக்கானவர்கள் வடம் பிடித்து இழுக்கிறார்கள். அந்தத் தேரைத் திருப்ப ஸ்டீயரிங் கிடையாது. சக்கரத்தின் பக்கத்திலேயே நடந்து வருபவர்கள், கண நேரத்தில் கணக்குப் போட்டு, சக்கரத்தடியில் முட்டுக்கட்டையைச் செருகுகிறார்கள். ஓர் ஆள் தூக்கிப் போடும் மரக்கட்டை, பல டன் எடையுள்ள தேரின் முகத்தை மாற்றுகிறது. கட்டை போடுகிறவரின் தோள்வலிமை இதைச் செய்யவில்லை. தேரின் ஓட்டம்தான் தேரைத் திருப்புகிறது. நின்றுபோன தேருக்கு எத்தனை கட்டை வைத்தாலும் அது திரும்பாது. ஆள் கொடுப்பது குறிப்பு மட்டுமே, விசை முழுவதும் தேருடையது.

காற்றுச் சுக்கானும் இப்படித்தான். மேலே நிற்கும் ஒட்டுப்பலகைக்குப் படகைத் திருப்பும் வலு இல்லை. இருக்கவும் தேவையில்லை. படகைக் காற்றுக்கு ஏற்ற கோணத்தில் ஓடவிட்டு, பலகையின் விளிம்பு நேராகக் காற்றை வெட்டும்படி வைத்துப் பூட்டிவிடுகிறோம். படகு தடம் விலகாதவரை பலகையின் இரு முகங்களிலும் காற்று சமமாக வழிந்து போகும்; அடியில் உள்ள எதிர் எடை அதை நிமிர்த்தி வைத்திருக்கும். படகு சற்றே விலகியதும் ஒரு முகத்தில் காற்று அறைகிறது, பலகை சாய்கிறது. அந்தச் சாய்வு ஒரு கம்பி வழியே இறங்கி, தண்ணீருக்குள் இருக்கும் துடுப்பைக் கொஞ்சம் முறுக்குகிறது. இதுவரை நடந்ததற்கு விரல் நுனி வலுகூடத் தேவையில்லை. இதற்குப் பிறகுதான் கருவியின் மேதைமை தெரிகிறது. முறுக்கிய துடுப்பின் மேல் ஓடுகிற தண்ணீர் மோதுகிறது. துடுப்பு ஊசல்போலப் பக்கவாட்டில் வீசப்படுகிறது. அதில் கட்டிய கயிறு கப்பிகள் வழியே சுக்கானின் பிடியை இழுக்கிறது. படகு தடத்துக்குத் திரும்புகிறது.

தண்ணீர் கொடுக்கும் இந்த விசை, வேகத்தின் வர்க்கத்தில் வளரும். படகு மணிக்கு 3 கடல் மைல் ஓடும்போது கிடைக்கும் இழுப்பு, 6 கடல் மைல் ஓடும்போது 4 மடங்காகும். கடல் சீறச் சீற, படகைப் பிடித்து நிறுத்த எவ்வளவு வலு வேண்டுமோ அந்த வலுவும் கூடவே வருகிறது. ஆட்டோபைலட்டின் கதை இதற்கு நேர்எதிர். கடல் மோசமாகும்போதுதான் அதன் மோட்டார் ஓயாமல் ஓடும், அப்போதுதான் பேட்டரி வேகமாகத் தீரும், அப்போதுதான் வானம் மூடிச் சூரியத் தகடும் கைவிடும். புயலில் ஒன்றின் பசி கூடுகிறது, மற்றொன்றின் பலம் கூடுகிறது. இவற்றில் எதைப் பழைய கருவி என்று ஒதுக்குவது?

துல்லியம் பற்றிய வாதத்தைத்தான் படித்தவர்கள் அதிகம் நம்புகிறார்கள். ஆட்டோபைலட் திசைகாட்டியைப் பார்த்து ஒரு பாகைகூடப் பிசகாமல் நேர்கோட்டில் கொண்டுபோகும், காற்றுச் சுக்கானோ வளைந்து வளைந்து போகும் என்கிறார்கள். பாய்மரப் படகை மோட்டார் படகாக நினைத்துப் பேசும் பேச்சு இது. நேர்கோட்டில் போவது பாய்மரப் படகின் முதல் வேலை அல்ல. காற்றோடு சரியான கோணத்தில் நிற்பதுதான் முதல் வேலை. அந்தக் கோணம் பிசகினால் கோடு என்று ஒன்று இருக்கவே இருக்காது. காற்று 20 பாகை மாறுகிறது என்று வையுங்கள். திசைகாட்டியைக் கட்டிப்பிடித்த ஆட்டோபைலட் பழைய திசையிலேயே படகைத் தள்ளிக்கொண்டு போகும். எதிர்க்காற்றில் ஓடும் படகானால் பாய் படபடத்து உயிர் இழக்கும். பின்காற்றில் ஓடும் படகானால் நிலைமை அதைவிட மோசம். காற்று பாயின் மறுமுகத்தில் புகுந்து, பாயைத் தாங்கும் அடிக்கட்டையைப் படகின் குறுக்கே வீசி அடிக்கும். குறுக்கே ஆள் நின்றால் உயிர் போகும், இல்லையென்றாலும் பாய்மரம் முறியக்கூடும். காற்றுச் சுக்கான் காற்றோடு சேர்ந்து திரும்பும். பாய் எப்போதும் நிறைந்தே நிற்கும். தூங்கும் மாலுமி எழுந்து திசைகாட்டியைப் பார்த்து, தடம் மாறியிருப்பதைக் கண்டு, பலகையைச் சற்றுத் திருப்பி வைத்தால் போதும்.

ஆட்டோபைலட்டிலும் காற்றைப் பார்த்து ஓட்டும் முறை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது; நல்ல முறைதான். அதற்குப் பாய்மரத்தின் உச்சியில் ஓர் உணரி வைக்க வேண்டும். அந்த உணரி என்ன? காற்றுக்குத் திரும்பும் ஒரு குட்டித் தகடு. முப்பந்தலில் நிற்கும் ராட்சதக் காற்றாலைகளின் தலையிலும் காற்றின் திசையறிய இப்படிப்பட்ட கருவியே இருக்கிறது. காற்று எங்கிருந்து வருகிறது என்பதை அறியத் தகட்டை நம்புகிறவர்கள், அந்தத் தகடே வேலையையும் செய்து முடிக்கும்போது அதைப் பழமை என்கிறார்கள். நடுவே கம்பி, சில்லு, மென்பொருள், மோட்டார் என்று நான்கு பேரை நுழைத்தால்தான் அறிவியல் என்ற நினைப்பு நம் கல்லூரிகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதை எதிர்ப்பதற்காகவே இந்தக் கட்டுரை.

பின்னூட்டம் என்று பொறியியலில் ஒரு பாடம் நடத்துகிறோம். மாணவர்கள் அதை மின்சுற்றோடு மட்டும் சேர்த்துப் படிக்கிறார்கள். 1745-இல் எட்மண்ட் லீ என்ற ஆங்கிலேயர் காற்றாலைக்குப் பின்னால் குட்டி விசிறி ஒன்றைப் பொருத்தி, ஆலை தானே காற்றைப் பார்த்துத் திரும்பும்படி செய்து காப்புரிமை வாங்கினார். ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் குண்டுகளைப் பொருத்தியது 1788-இல். ஆரோவில்லில் தண்ணீர் இறைத்த பல இதழ்க் காற்றாலைகளை இந்தப் பக்கத்துக்காரர்கள் பார்த்திருப்பார்கள். வால் தகடு அவற்றைக் காற்றுக்கு நேரே பிடித்துக்கொடுக்கும். காற்றுச் சுக்கான் இந்த மரபில் வந்தது, இந்த மரபிலேயே மிக நுட்பமானது. தண்ணீரில் தொங்கும் துடுப்பு பக்கவாட்டில் வீசப்படும்போது, அதன் பற்சக்கர அமைப்பு துடுப்பின் முறுக்கைத் தானே குறைத்துக்கொண்டு வருகிறது. அதனால் படகு தடத்தைத் தாண்டி மறுபக்கம் பாய்வதில்லை. நல்ல சுக்கானி, படகு திரும்பத் தொடங்கியதுமே சுக்கானை மெல்லத் தளர்த்துவார். அந்தக் கைப்பக்குவம் இரண்டு பற்சக்கரங்களுக்குள் அடக்கி வைக்கப்பட்டிருக்கிறது. கணினி இல்லாமல் செய்த கணக்கு இது. இதை ஒரு பாடவேளை முழுக்க நடத்தினாலும் தகும்.

இதன் பின்னால் உள்ள மனிதர்களையும் சொல்ல வேண்டும். மாதிரிப் படகு விட்டு விளையாடியவர்கள் 1930-களிலேயே காற்றுத் தகட்டைக் கொண்டு குட்டிப் படகுகளைக் குளத்தில் தடம் பிசகாமல் ஓட்டினார்கள். ஆள் ஏறும் படகுக்கு அதை உறுதியாகக் கொண்டுவந்தது 1960-ஆம் ஆண்டின் அட்லாண்டிக் தனியாள் பந்தயம். ஐந்தே படகுகள். வென்ற பிரான்சிஸ் சிசெஸ்டர் 40 நாளில் நியூயார்க் சேர்ந்தார். தன் காற்றுச் சுக்கானுக்கு மிராண்டா என்று பெயர் வைத்திருந்தார். இரண்டாவதாக 48 நாளில் வந்தவர் பிளாண்டி ஹாஸ்லர். ஊசல் துடுப்பை உருவாக்கியவர் அவர்தான். ஜெஸ்டர் என்ற அவருடைய படகு சுமார் 25 அடி நீளமே உள்ள சின்னஞ்சிறு படகு. பிரான்சில் மார்செல் ஜியனோலி, பலகையைக் கம்பத்துக் கொடிபோலச் சுழலவிடாமல் படுக்கை அச்சில் சாயவிட்டால் குறிப்பு பல மடங்கு வலுப்படும் என்று கணக்கிட்டுக் காட்டினார். செங்குத்து அச்சில் சுழலும் தகடு, படகு 10 பாகை விலகினால் 10 பாகைதான் திரும்பும். படுக்கை அச்சில் உள்ளதோ அதே விலகலுக்கு நன்றாகவே சாய்ந்துவிடும். பிறகு வந்தவர்கள் அந்த அச்சைச் சற்றே மேல்நோக்கிச் சரித்து வைத்து, தேவைக்கு மேல் சாயாதபடி அடக்கினார்கள். அந்தச் சிறு சரிவுக்குள் பல ஆண்டு உழைப்பு இருக்கிறது. இவர்களில் யாரும் பழமைவாதி இல்லை.

மின்சாரக் கணக்கைப் போட்டுவிடுவோம். பத்து மீட்டர் நீளப் படகில் ஆட்டோபைலட் 12 வோல்ட்டில் சராசரி 4 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்தால், நாளொன்றுக்கு 96 ஆம்பியர்-மணி. வீட்டு இன்வெர்ட்டரில் இருப்பதுபோன்ற ஈய பேட்டரியைப் பாதிக்குமேல் வடியவிடக் கூடாது. ஆக 100 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு, சுக்கான் பிடிக்க மட்டும், ஒவ்வொரு நாளும். அதை நிரப்ப டீசலோ வெயிலோ வேண்டும். சென்னைக் கரையில் இது பெரிய விஷயமில்லை. தென்பெருங்கடலில், நாற்பது பாகைக்குத் தெற்கே, வாரக்கணக்கில் வெயில் முகம் காட்டாத இடத்தில், இதுவே உயிர்ப் பிரச்சினை.

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். காற்றுச் சுக்கான் உடைகிறது. உண்மை. அடிக்கடி உடைகிறது. கோல்டன் குளோப் என்ற உலகைச் சுற்றும் பந்தயத்தில் 1988-க்கு முன் வடிவமைக்கப்பட்ட, 32 முதல் 36 அடிப் படகுகளுக்கு மட்டுமே இடம். ஜிபிஎஸ் இல்லை, மின்னணு ஆட்டோபைலட் இல்லை, காற்றுச் சுக்கான்தான். 2018 பந்தயத்தில் சிலர் அது பழுதானதாலேயே விலகினார்கள். 2022 பந்தயத்தில் 16 பேர் புறப்பட்டு, விதிப்படி எங்கும் நிற்காமல் முடித்தவர்கள் மூவர்தான். முன்னணியில் போய்க்கொண்டிருந்த சைமன் கர்வென், கேப் ஹார்னை நெருங்கும் நேரத்தில் காற்றுச் சுக்கானின் ஒரு பாகம் உடைந்ததால் சிலி நாட்டுக் கரைக்கு ஒதுங்க வேண்டியதாயிற்று. வெற்றி கைநழுவியது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்று கேட்கிறார்கள்.

அந்தச் சாட்சியை முழுதாகக் கேளுங்கள். கர்வென் சிலியில் பழுதை நீக்கிக்கொண்டு, அதே காற்றுச் சுக்கானோடு அட்லாண்டிக்கைத் தாண்டி பிரான்ஸ் திரும்பினார். தரப்பட்டியலில் வேறு பிரிவுக்குத் தள்ளப்பட்டிருந்தும் கரைக்கு முதலில் வந்து சேர்ந்தது அவர் படகுதான். இரண்டாமிடம் பெற்றவர் நம் அபிலாஷ் டோமி, இந்தியக் கடற்படையின் கமாண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 2018 பந்தயத்தில், செப்டம்பர் 21 அன்று இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் புயலில் அவருடைய துரியா என்ற படகு கவிழ்ந்து பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பு நொறுங்கி அசைய முடியாமல் கிடந்தவரை பிரெஞ்சு மீன்வளக் கப்பல் ஓசிரிஸ் மீட்டது. நாலே ஆண்டில், முதுகில் உலோகத் தண்டுகளோடு, 2022 செப்டம்பர் 4 அன்று பயானத் என்ற 36 அடிப் படகில் மறுபடி புறப்பட்டார். வழியெல்லாம் காற்றுச் சுக்கானைப் பழுதுபார்த்தார். படகில் கையில் கிடைத்ததைக் கொண்டு பழுதுபார்த்தார். 236 நாளில், 2023 ஏப்ரல் 29 அன்று கரை சேர்ந்தார். உடைகிறது என்பவர்களுக்கு என் கேள்வி இதுதான்: உடைந்த பிறகு என்ன ஆகிறது? மரம், போல்ட், கயிறு, ரம்பம் இருந்தால் நடுக்கடலில் தனியாள் ஒருவர் இதைச் சீராக்க முடியும். எது உடைந்தது என்று கண்ணால் பார்க்க முடியும். உப்புநீர் புகுந்து செத்த மின்னணுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அதே ஆள் என்ன செய்வார்? கரைக்கு வந்து புதுப்பெட்டி வாங்குவார், கரை இருந்தால்.

1968-ஐயும் இவர்கள் சாட்சிக்கு அழைப்பார்கள். முதல் கோல்டன் குளோப். ஒன்பது பேர் கிளம்பினார்கள், ஒருவரே முடித்தார்: ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், 312 நாள், 1969 ஏப்ரல் 22. அவருடைய காற்றுச் சுக்கான் ஆஸ்திரேலியப் பக்கத்துக் கடலில் சரிசெய்ய முடியாதபடி உடைந்துபோனது. பிறகு பாதி உலகத்தை அது இல்லாமலேயே சுற்றினார். அப்படியானால் கருவியே தேவையில்லை என்றல்லவா ஆகிறது? இல்லை. அவர் எப்படிச் சுற்றினார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முன்பாயையும் பின்பாயையும் அளவாகத் தளர்த்தி இறுக்கி, சுக்கானைக் கட்டிவைத்து, படகு தன்னாலேயே தடம் பிடிக்கும்படி செய்தார். அதற்கு ஏழு எட்டு ஆண்டுகளுக்கு முன் அட்லாண்டிக்கை வென்ற சிசெஸ்டரும், 1966-இல் சிட்னிக்குப் போகும் வழியில் கருவி உடைந்தபோது பாய்களைக் கொண்டே படகை ஓட்டினார். இவர்களுக்கெல்லாம் முன்னோடி ஜோஷ்வா ஸ்லோகம். 1897-இல் டாரஸ் நீரிணைப் பக்கத்திலிருந்து கோகோஸ் கீலிங் தீவுக்கு 2,700 மைல், 23 நாள். சுக்கானைக் கையில் பிடித்தது மொத்தமே மூன்று மணி நேரம் என்று எழுதினார்.

காற்றுச் சுக்கான் மாலுமிக்கு வாத்தியார். பாய் கோணலாக விரிந்திருந்தால், ஒரு பக்கம் அளவுக்குமேல் இழுத்தால், அது வேலை செய்ய மறுக்கும். படகைச் சமன் செய்தால்தான் படகைக் காக்கும். ஆட்டோபைலட் அப்படி மறுக்காது. கோணல் பாயோடும் முரட்டுத்தனமாகச் சுக்கானைத் திருப்பித் திருப்பிப் படகை இழுத்துக்கொண்டு போகும், விலையைப் பேட்டரியிலிருந்து எடுத்துக்கொள்ளும். மாலுமிக்குத் தன் படகு சமனில் இல்லை என்பதே தெரியாது. ஒரு நாள் பெட்டி நின்றுபோகும்போதுதான் தெரியும். நாக்ஸ்-ஜான்ஸ்டனுக்குப் படகின் சமநிலை விரல் நுனியில் இருந்தது. அதனால் கருவி போன பிறகும் அவர் பயணம் போகவில்லை.

கருவி ஓட்டினால் அது மாலுமியின் சாதனையா என்று கேட்பவர்களும் உண்டு. தனியாளாகக் கடலில் இருப்பவர் தூங்க வேண்டும், சமைக்க வேண்டும், செக்ஸ்டன்ட் வைத்துச் சூரியனை அளந்து இருக்குமிடம் கணக்கிட வேண்டும், கிழிந்த பாயைத் தைக்க வேண்டும், பாய்மரம் ஏற வேண்டும். எட்டு மாதம் சுக்கானைப் பிடித்தபடியே உட்கார்ந்திருக்க மனித உடம்பால் ஆகாது. இதற்குமேல் இந்தக் கேள்விக்கு இடம் தர வேண்டியதில்லை.

இனி, நமக்கு இதில் என்ன என்ற கேள்வி. என்னை உண்மையிலேயே கோபப்படுத்துவது இதுதான். 1968-இல் உலகைச் சுற்றி வந்த அந்த ஒரே படகு எங்கே கட்டப்பட்டது? மும்பையில். சுஹைலி என்ற அந்தப் படகு தேக்கு மரத்தில், இந்தியத் தச்சர்கள் கையால் இழைத்து உருவானது. கவிழ்ந்த துரியா, அதே சுஹைலியின் வடிவத்தைப் பின்பற்றி கோவாவில் கட்டப்பட்டது. இன்னும் பக்கத்தில் வரட்டுமா? யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில், வேப்ப மரம் உள்ளிட்ட நாட்டு மரங்களால் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், 1938-இல் அமெரிக்காவின் குளஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. அதில் போனவர்களில் ஐந்து பேர் வல்வெட்டித்துறைத் தமிழர்கள். தூத்துக்குடித் தோணிகள் எஞ்சின் ஏறும்வரை பாய் விரித்துத்தான் கொழும்புக்குப் போய்வந்தன. தோணித் தலைவரான தண்டலும் சுக்கானியும் வாடை எப்போது கொண்டலாகத் திரும்பும், கச்சான் எந்த மாதம் கிளம்பும் என்று கணக்கு வைத்திருந்தார்கள். கட்டுமரத்தில் பாய் போட்டவர்களுக்குத் பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றை எவ்வளவு விட்டால் மரம் எந்தப் பக்கம் முகம் திருப்பும் என்பது கை அறிந்த செய்தி. காற்றைக் கொண்டே படகைத் திருப்பும் அறிவு இந்தக் கரையில் இருந்தது. பலகையும் ஊசல் துடுப்பும்தான் இங்கே உருவாகவில்லை.

நேற்றைய கதை மட்டும் அல்ல இது. புதுச்சேரிப் பெண் லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி, கேரளத்தின் தில்னாவோடு, இருவர் மட்டுமாக ஐஎன்எஸ்வி தாரிணியில் உலகைச் சுற்றினார். 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் கிளம்பி, 2025 மே மாதக் கடைசியில் திரும்பினார்கள். கேப் ஹார்னைச் சுற்றினார்கள், எந்த நிலத்திலிருந்தும் அதிகத் தூரத்தில் உள்ள நெமோ முனையைத் தொட்டுக் கடந்தார்கள். ஊரெல்லாம் வாழ்த்து. இரண்டு பேர் உள்ள படகில் ஒருவர் தூங்கி ஒருவர் விழித்திருக்கையில், சுக்கானைத் தானே பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு மூன்றாவது மாலுமிக்குச் சமம். அந்த மூன்றாவது மாலுமியைப் பற்றி நம் பத்திரிகைகளில் ஒரு பத்திகூட ஏன் வருவதில்லை? வீராங்கனைகளைக் கொண்டாடுகிறோம், அவர்கள் வேலைக்கு வேண்டிய கருவியை நாமே செய்வோம் என்று ஒருவரும் சொல்வதில்லை.

காற்றுச் சுக்கானின் எல்லைகளை மறைக்க நான் விரும்பவில்லை. எஞ்சினில் ஓடும் படகுக்கு இது உதவாது. மெல்லிய பின்காற்றில் பலகைமேல் படும் காற்று குறைந்து தடுமாறும். கரையோரத்தில் இதை நம்பித் தூங்கினால், காற்று மாறும்போது படகும் மாறிப் பாறையில் ஏறும். மணிக்கு 20, 25 கடல் மைல் பாயும் நவீனப் பந்தயப் படகுகளில் படகின் வேகமே காற்றின் திசையைக் கலைத்துவிடும். அங்கே மின்னணுக் கருவிதான் பொருத்தம். மீன்பிடிக்கும் ஃபைபர் படகில் இதைப் பொருத்துங்கள் என்றும் நான் சொல்லவில்லை. வலை இழுக்கும் வேலைக்கும் இதற்கும் உறவில்லை. நான் பேசுவது நீண்ட கடலோட்டம் போகும், மெதுவான, கனமான, சின்னப் பாய்மரப் படகுகளைப் பற்றி. அந்த இடத்தில் இதற்கு நிகர் எதுவும் இன்னும் வரவில்லை.

காலாவதி என்பவர்கள் செயில்ட்ரோனைப் பார்க்க வேண்டும். ஆளில்லாத அந்தப் பாய்க்கலங்களில் ஒன்று 2019-இல் அண்டார்டிகாவை 196 நாளில், 22,000 கிலோமீட்டர் சுற்றி வந்தது. 2021-இல் இன்னொன்று சாம் என்ற சூறாவளிக்குள்ளேயே புகுந்து படம் எடுத்து அனுப்பியது. அதன் இறகு போன்ற விறைப்பான பாயைக் காற்றுக்கு ஏற்ற கோணத்தில் பிடித்துவைப்பது மோட்டார் அல்ல. பாய்க்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு வால். வாலை இத்துணூண்டு அசைத்தால் போதும், இறகைக் காற்றே திருப்பிக்கொள்ளும். சுக்கானுக்கும் செய்தி அனுப்பவும் மின்சாரம் செலவாகிறது. ஆனால் பாய்க்கான விசை வேலையைக் காற்றிடமே விட்டதால்தான் அது மாதக்கணக்கில் கடலில் நிற்கிறது. உலகின் மிகப் புதிய கடல் எந்திரங்களில் ஒன்று, நம் ஆட்கள் அருங்காட்சியகத்துக்கு அனுப்பத் துடிக்கும் அதே சூத்திரத்தின் மேல் நிற்கிறது.

வெளிநாட்டுக் காற்றுச் சுக்கான் ஒன்றை இறக்குமதி செய்தால் சில லட்சம் ரூபாய் ஆகிறது. அதில் இருப்பது துருப்பிடிக்காத எஃகுக் குழாய், ஒட்டுப்பலகை, ஈயக்குண்டு, நைலான் புஷ், இரண்டு கூம்புப் பற்சக்கரங்கள், கப்பிகள், கயிறு. இவற்றில் திருவண்ணாமலையிலோ வேலூரிலோ கிடைக்காதது ஒன்றுமில்லை. ஒரு லேத் பட்டறையும் ஒரு நல்ல வெல்டரும் போதும். ஐடிஐ மாணவர்களும் பாலிடெக்னிக் மாணவர்களும் இறுதியாண்டு வேலையாக எதையெதையோ கடையில் வாங்கிவந்து ஒட்டிக் காட்டும் நேரத்தில், இதைக் கடைந்து, வெல்ட் செய்து, சமன் பார்த்துச் செய்யட்டும். சென்னையில் கடல்சார் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஐஐடியில் கடல் பொறியியல் துறை இருக்கிறது, நூறாண்டு கடந்த படகுக் கழகம் இருக்கிறது. கடற்படையின் பாய்க்கலங்கள் கோவாவில் கட்டப்படுகின்றன. இவர்கள் நடுவே ஒரு கடிதப் போக்குவரத்து நடந்தாலே வேலை தொடங்கிவிடும்.

செய்ததைச் சோதிக்கத் தை, மாசி மாதம் ஏற்றது. புயல் பருவம் முடிந்து, வடகிழக்குக் காற்று சோழமண்டலக் கரையில் ஓரளவு நிதானமாக வீசும் காலம். புதுச்சேரியிலிருந்து நேர்கிழக்கே கரை மறையும்வரை ஓடினால் காற்று அணியத்துக்கு, அதாவது முன்பக்கத்துக்கு, 45 பாகையில் எதிரே வரும். திரும்பும்போது அமரத்தின் ஓரத்திலிருந்து தள்ளும். போகும்போது பலகை தன் முழு வலுவோடு வேலை செய்யும். வரும்போதுதான் காற்று மெலிந்து தெரியும், அலை அமரத்தைத் தூக்கிப் பக்கவாட்டில் தள்ளும். எதிர் எடை கூடுதலா, துடுப்பின் பரப்பு போதுமா, கயிறு எங்கே தளர்கிறது என்பதெல்லாம் அந்தத் திரும்பும் ஓட்டத்தில் தெரிந்துவிடும்.